ஏப்ரலில் 1,679, ஜூனில் 4,392: மாடி வீட்டு மீட்டருக்கு என்ன ஆச்சு?

மாடிவீட்டுக்காரன் (மதுரை) | ஜூன் 10, 2025, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன். கீழே அப்பாவும் அம்மாவும். மாடியில் நான், மனைவி, பையன். மீட்டர் இரண்டு, சர்வீஸ் நம்பர் இரண்டு. நேற்று ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். மாடிக்கு 760 யூனிட், 4,392 ரூபாய். ஏப்ரலில் வந்தது 480 யூனிட், 1,679 ரூபாய்தான்.

மாடியில் ஏசி கிடையாது. நான்கு ஃபேன், ஒரு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இண்டக்‌ஷன் அடுப்பு, டிவி. தண்ணீர் மோட்டாரும் மாடி மீட்டரில்தான் ஓடுகிறது. இந்த இரண்டு மாதத்தில் புதிதாக ஒரு சார்ஜர்கூட வாங்கவில்லை. கோடை என்பதால் ஃபேன் கூடுதலாக ஓடியிருக்கும், ஒப்புக்கொள்கிறேன். அதற்காக 280 யூனிட்டா?

கீழ் வீட்டில் 188-லிருந்து 471 ஆகியிருக்கிறது. அங்கே ஏப்ரல் முதல் வாரத்தில் அப்பாவுக்காக ஏசி போட்டோம், அதனால் அது புரிகிறது. மாடிதான் புரியவில்லை.

மீட்டர் பழுது என்று நாளைக்கு எழுதிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். அதற்கு முன்னால் வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?


நெல்லைச்சீமை (திருநெல்வேலி) | ஜூன் 10, இரவு 10:05

இதில் பார்க்க என்ன இருக்கிறது? டிஜிட்டல் மீட்டர் வந்த நாளிலிருந்து ஊர் முழுக்க இதே கதைதான். சக்கரம் சுற்றும் மீட்டர் இருந்தபோது எங்கள் வீட்டில் பில் வருவதே தெரியாது. புது மீட்டர் ஓடவில்லை, பறக்கிறது. பேசாமல் எழுதிக் கொடுங்கள்.


கணக்குப்பிள்ளை (தஞ்சாவூர்) | ஜூன் 10, இரவு 10:50

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். உங்களுக்கு யூனிட் ஏறியிருப்பது ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். ரூபாய் ஏறியிருப்பது இரண்டரை மடங்குக்கு மேல். பாதி அதிர்ச்சி மீட்டரால் வந்ததில்லை, ஸ்லாபால் வந்தது.

2024 ஜூலையிலிருந்து வீடுகளுக்கு இரண்டு அட்டவணை நடக்கிறது. இரண்டு மாதப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு யூனிட் 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. உங்கள் 480-க்கு 235 + 940 + 504 = 1,679. சரியாக இருக்கிறது.

500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும். முதல் 100 அப்போதும் இலவசம்தான். ஆனால் 2.35 என்ற படி காணாமல் போய், 101 முதல் 400 வரை மொத்தமும் 4.70 ஆகிவிடும். பிறகு 500 வரை 6.30, 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதற்கு மேல் 11.55. உங்கள் 760-க்கு 1,410 + 630 + 840 + 1,512 = 4,392. இதுவும் சரி.

ஆகவே பில் போட்டதில் தப்பு இல்லை. 280 யூனிட் எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி.

வேடிக்கைக்கு ஒன்று. சரியாக 500 யூனிட் என்றால் 1,805 ரூபாய். 501 என்றால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய் 40 காசு. நகைக்கடையில் கூட இப்படிச் செய்கூலி போடுவதில்லை.


காந்திபுரம் செல்வி (கோவை) | ஜூன் 11, காலை 6:30

எங்க வீட்டில் ஒருமுறை இப்படித்தான் ஏறிப்போனது. கடைசியில் பார்த்தால் மோட்டார். கிணற்றடி ஃபுட் வால்வு தேய்ந்து தண்ணீர் இறங்கிவிட, அரை மணியில் நிரம்ப வேண்டிய தொட்டிக்கு இரண்டு மணி நேரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு எச்பி மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் சுமாராக ஒரு யூனிட். தினம் ஒன்றரை மணி நேரம் கூடுதலாக ஓடினாலே இரண்டு மாதத்தில் 90 யூனிட் போய்விடும். தொட்டி நிரம்ப எவ்வளவு நேரமாகிறது என்று கடிகாரத்தை வைத்துப் பாருங்க.

ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரையும் பாருங்க. ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவை மூடி இழுத்தால் சுலபமாக வரக்கூடாது.


மாடிவீட்டுக்காரன் | ஜூன் 11, மாலை 7:15

கணக்குப்பிள்ளை அண்ணே, நன்றி. 2.35 என்ற படி காணாமல் போவது எனக்கு இன்றுதான் தெரியும்.

செல்வி அக்கா, மோட்டார் பார்த்தேன். 35 நிமிடம், வழக்கம்போலத்தான். ஃப்ரிட்ஜ் ரப்பரும் நோட்டை நன்றாகப் பிடிக்கிறது.

மதியம் அலுவலகத்திலிருந்து வந்து இன்னொரு சோதனையும் செய்தேன். மாடியில் இருக்கும் ட்ரிப்பர்கள் எல்லாவற்றையும் கீழே இறக்கிவிட்டு மீட்டரைப் பத்து நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றேன். சிவப்பு விளக்கு ஒருமுறைகூடச் சிமிட்டவில்லை. அப்படியென்றால் கசிவும் இல்லை, சும்மா ஓடவும் இல்லை. இனி மீட்டர்தானே மிச்சம்?


பெங்களூர்த் தம்பி (ஊர் கும்பகோணம்) | ஜூன் 11, இரவு 8:20

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இங்கே 2023-லிருந்து கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை இலவசம். இரண்டு மாதத்துக்கு 100 என்று நம் ஊரில் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். எங்கள் வீட்டுக்கு நான் கரண்ட் பில் கட்டியே ரொம்ப நாளாகிறது.


கணக்குப்பிள்ளை | ஜூன் 11, இரவு 9:00

தம்பி, முழுக் கதையையும் சொல்லுங்கள். அங்கே 200 என்பது எல்லோருக்கும் இல்லை. 2022-23-இல் அந்த வீட்டின் மாதச் சராசரி எவ்வளவோ அதோடு பத்து சதவீதம், அதுதான் உங்களுக்கு இலவசம். சராசரி 90 என்றால் 99 வரைதான். அதற்கு மேல் 200 வரை போனால் கூடுதல் யூனிட்டுக்குப் பணம். 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில். இங்கே 2,000 யூனிட் எரிப்பவனுக்கும் முதல் 100 இலவசம். எது நியாயம் என்பது வேறு பேச்சு.

பக்கத்தில் கேரளத்தைப் பாருங்கள். அங்கே மாதம் 250 யூனிட்டைத் தாண்டினால் படிக்கட்டே கிடையாது, முதல் யூனிட்டிலிருந்து மொத்தத்துக்கும் ஒரே உயர்ந்த விலை. அதற்கு நம் 500 எவ்வளவோ மேல்.

500-ஐத் தாண்டியதும் விழும் இந்தப் பள்ளமும் இப்போது ஆழம் குறைந்ததுதான். 2022 செப்டம்பருக்கு முன்னால் 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய், 501-க்கு 1,786 ரூபாய் 60 காசு. ஒரு யூனிட்டுக்கு 656 ரூபாய்! அந்தக் காலத்தில் ரீடிங் எடுக்கும் தேதிக்கு ஒரு வாரம் முன்பிருந்தே எங்கள் வீட்டில் கிரைண்டர் போடத் தடை. 2022 செப்டம்பர் 10-இல் கட்டணத்தை உயர்த்தியபோது வீடுகளுக்கு இருந்த நிலைக்கட்டணத்தை எடுத்துவிட்டார்கள், பள்ளத்தையும் பாதிக்கு மேல் தூர்த்தார்கள். ஆனால் 500-க்குக் கீழே இருப்பவனுக்கும் மொத்த பில் ஏறியது. யாரும் சும்மா கொடுப்பதில்லை.


நெல்லைச்சீமை | ஜூன் 11, இரவு 9:25

அந்த 100 யூனிட் இலவசத்தையே எடுத்துவிட்டு எல்லா ஸ்லாபையும் குறைக்கலாமே? ஏசி வைத்திருக்கிற எனக்கு எதற்கு இலவசம்?


காந்திபுரம் செல்வி | ஜூன் 11, இரவு 9:50

உங்களுக்கு வேண்டாமென்றால் எழுதிக் கொடுத்துவிடலாமே, அதற்கு வழி இருக்கிறது. எங்க பெரியம்மா அவிநாசிப் பக்கம் தனியாக இருக்கிறார். ஒரு ஃபேன், இரண்டு பல்பு, சின்ன டிவி. 2016 மே மாதம் அந்த 100 யூனிட் வந்ததிலிருந்து அவருக்கு பில் பூஜ்யம்தான். உங்களுக்கு அது ஒரு பிரியாணி காசு. அவருக்கு மாத்திரைக் காசு.


மட்டுறுத்துநர் | ஜூன் 11, இரவு 10:10

இலவசம் வேண்டுமா வேண்டாமா என்பதற்குத் தனி இழை ஏற்கெனவே 40 பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. இங்கே மதுரை நண்பரின் மீட்டரை மட்டும் பேசுவோம்.


பழைய ஃபோர்மேன் (ஈரோடு) | ஜூன் 12, காலை 5:10

31 வருடம் கம்பத்தில் ஏறி இறங்கியவன். கண் சரியாகத் தெரியவில்லை, எழுத்துப்பிழை இருந்தால் விடுங்கள்.

நெல்லை நண்பருக்கு முதலில். சக்கர மீட்டர் நாள்பட்டால் தேய்ந்து மெதுவாக ஓடும். செல்போன் சார்ஜர், டிவியின் சிவப்பு விளக்கு மாதிரிச் சின்ன லோடுக்கு அது அசையவே அசையாது. எலக்ட்ரானிக் மீட்டர் அதையும் எழுதும். அதனால் மாற்றியதும் பில் ஏறும். அது பறப்பதில்லை, பழையது தூங்கிக்கொண்டிருந்தது.

மதுரைத் தம்பிக்கு நான்கு கேள்வி.

ஒன்று, மீட்டரில் சிமிட்டும் விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன விளக்கு இருக்கும். எர்த் என்றோ ஈ.எல். என்றோ போட்டிருக்கும். அது எரிகிறதா? இரண்டு, அந்தச் சோதனையை ஏன் மதியம் செய்தீர்கள்? மூன்று, கீழே ஏசிக்கு லைன் இழுத்தது யார், புது லைன் எந்த வழியாகப் போகிறது? நான்கு, வீட்டில் இ.எல்.சி.பி., அதாவது கரண்ட் கசிந்தால் தானே விழும் சுவிட்ச், உண்டா?

சோதனையை இரவில், கீழே ஏசி ஓடும்போது மறுபடி செய்யுங்கள். புகார் எழுதுவதை இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.


கணக்குப்பிள்ளை | ஜூன் 12, காலை 7:45

ஐயா ஏசி என்றதும்தான் எனக்கு உறைத்தது. நேற்றே பார்த்திருக்க வேண்டும். மாடியில் ஏறியது 280 யூனிட். கீழே 188-லிருந்து 471, அதாவது 283. இரண்டு வீட்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு ஏறியிருக்கிறது! ஏசி இருப்பது ஒரு வீட்டில்தான்.


நெல்லைச்சீமை | ஜூன் 12, காலை 8:05

கீழ் வீட்டு ஏசியை மாடி மீட்டரில் மாட்டிவிட்டார்களா? அப்படியென்றால் கீழே ஏறியிருக்கக் கூடாதே.


மாடிவீட்டுக்காரன் | ஜூன் 12, இரவு 11:55

கை நடுங்குகிறது, சொல்லிவிடுகிறேன்.

பத்தரைக்கு அப்பா ஏசியைப் போட்டார். நான் மாடியில் ட்ரிப்பர் எல்லாவற்றையும் இறக்கினேன். வீடு முழுக்க இருட்டு. டார்ச்சோடு மீட்டர் பெட்டிக்கு வந்தால் மாடி மீட்டரின் சிவப்பு விளக்கு ஜோராகச் சிமிட்டிக்கொண்டிருக்கிறது! பக்கத்தில் ஐயா சொன்ன அந்தச் சின்ன விளக்கும் எரிகிறது. ஒரு நிமிடம் எண்ணினேன், 48 முறை. மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 3200 சிமிட்டல் என்று போட்டிருக்கிறது.

சரி, மெயினையே நிறுத்திப் பார்ப்போம் என்று மாடி மெயின் சுவிட்சை இறக்கினேன். கீழேயிருந்து அப்பா சத்தம் போடுகிறார்: “ஏண்டா, ஏசி நின்னுபோச்சு!”

கீழே விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது. ஏசி மட்டும் நிற்கிறது. மாடி மெயினைப் போட்டால் ஏசி வருகிறது. பிறகு கீழ் வீட்டு மெயினை இறக்கிப் பார்த்தேன், அப்போதும் ஏசி நிற்கிறது. இரண்டு மெயினும் இருந்தால்தான் ஓடுகிறது. என்ன பேய் இது?

இ.எல்.சி.பி. பற்றிக் கேட்டீர்கள். கீழ் வீட்டில் இருந்தது. ஏசி மாட்டிய அன்று அது திரும்பத் திரும்ப விழுந்தது. வயரிங் செய்தவர் “பழசாயிடுச்சு சார், சும்மா சும்மா விழுது” என்று சொல்லி அதைத் தாண்டி நேரடியாக இணைத்துவிட்டுப் போனார். நானும் தலையாட்டினேன்.


பழைய ஃபோர்மேன் | ஜூன் 13, காலை 4:50

முதலில் ஒரு விஷயம். இதைப் படித்ததும் அந்த ஏசியின் ட்ரிப்பரை இறக்கிவிட்டு, லைனைச் சரிசெய்யும் வரை போடாதீர்கள். அப்பாவுக்கு இரண்டு நாள் ஃபேன் போதும். காரணம் கடைசியில்.

பேய் இல்லை தம்பி, நியூட்ரல், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் கம்பி, கலந்திருக்கிறது. ஏசிக்குக் கரண்ட் கொண்டுவரும் ஃபேஸ் கம்பியை வயரிங் செய்தவர் கீழ் வீட்டுப் பெட்டியிலிருந்து எடுத்திருக்கிறார். நியூட்ரலுக்கு அந்தச் சுவரில் போகும் கம்பி ஒன்றைப் பிடித்து முடிந்திருக்கிறார். அது மாடிக்குப் போகும் நியூட்ரல். கரண்ட் கீழ் மீட்டர் வழியாக வந்து ஏசியை ஓட்டிவிட்டு, மாடி மீட்டர் வழியாகத் திரும்பிப் போகிறது.

இப்போதுள்ள மீட்டர் ஃபேஸிலும் நியூட்ரலிலும் ஓடுவதைத் தனித்தனியாக அளக்கும். இரண்டும் சமமாக இல்லாவிட்டால் எர்த் விளக்கைப் போட்டுவிட்டு, எது அதிகமோ அதை வைத்துக் கணக்கு எழுதும். பழைய காலத்தில் நியூட்ரலை எடுத்துவிட்டு மண்ணில் கம்பி அடித்துக் கரண்ட் திருடுவார்கள், அதைப் பிடிப்பதற்காக வந்த ஏற்பாடு இது. மீட்டருக்குத் திருடனும் தெரியாது, தெரியாமல் கம்பி மாற்றியவனும் தெரியாது. கீழ் மீட்டரில் ஃபேஸ் அதிகம், எழுதிவிட்டது. மாடி மீட்டரில் நியூட்ரல் அதிகம், அதுவும் எழுதிவிட்டது. ஒரே ஏசிக்கு இரண்டு மீட்டரும் கணக்கு எழுதியிருக்கின்றன. இரண்டு சர்வீஸும் ஒரே ஃபேஸில் இருக்கிறது போல, அதனால்தான் இவ்வளவு சுத்தமாகக் கூட்டி எழுதியிருக்கிறது.

இ.எல்.சி.பி. பழசாகவில்லை. போன கரண்ட் அதே வழியில் திரும்பி வரவில்லை என்று அது கத்தியிருக்கிறது. அதன் வாயைக் கட்டிவிட்டார் உங்கள் ஆள். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

இப்போது காரணம். மாடியில் ஏதோ ரிப்பேர் என்று மெயினை இறக்குகிறீர்கள். கீழே ஏசி சுவிட்ச் போட்டபடி இருக்கிறது. ஃபேஸ் ஏசிக்குள் போய், திரும்பும் வழி அடைபட்டு, மாடியின் நியூட்ரல் கம்பி முழுக்க 230 வோல்ட்டாக நிற்கும். மெயின் அணைத்தாயிற்று என்ற தைரியத்தில் கை வைப்பவன் கதி என்ன? நேற்று இரவு மெயினை இறக்கியதும் நீங்கள் டார்ச்சோடு பெட்டிக்குள் கையை விட்டிருந்தால்? நினைக்கவே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தச் சோதனையை நான்தானே செய்யச் சொன்னேன், மெயினைத் தொடாதீர்கள் என்று நானே எச்சரித்திருக்க வேண்டும்.


கணக்குப்பிள்ளை | ஜூன் 13, காலை 7:30

நிமிடத்துக்கு 48 சிமிட்டல் என்றால் மணிக்கு 2,880. அதை 3200-ஆல் வகுத்தால் மணிக்கு 0.9 யூனிட். இரவுக்கு ஐந்து மணி நேரம் என்று வைத்தால் 4.5, அறுபது நாளுக்கு 270. பத்து யூனிட் வித்தியாசத்துக்கு அப்பா ஒருநாள் ரிமோட்டை மறந்திருப்பார்.


காந்திபுரம் செல்வி | ஜூன் 13, காலை 9:10

படித்ததும் எங்க அடுக்ககத்து மீட்டர் அறைக்கு ஓடிப் போய்ப் பார்த்தேன். எட்டு மீட்டரில் இரண்டில் எர்த் விளக்கு எரிகிறது. ஒன்று பொதுப் பயன்பாட்டு மீட்டர்! படிக்கட்டு விளக்குக்கும் மோட்டாருக்கும் இருக்கிற விலை உங்களுக்குத் தெரியும். யூனிட் 8 ரூபாய் என்று இருந்ததை, பத்து வீட்டுக்குள், மூன்று மாடிக்குள், லிஃப்ட் இல்லாத கட்டடம் என்பதால் 2023-இல்தான் 5.50 ஆகக் குறைத்தார்கள். அதில் போய் இப்படிக் கசிய விட்டிருக்கிறோம். செயலாளருக்கு வாட்சப் போட்டாயிற்று.


மாடிவீட்டுக்காரன் | ஜூன் 16, இரவு 8:30

இன்று வேலை முடிந்தது. லைசென்ஸ் உள்ள வேறொருவரைக் கூட்டி வந்தேன். ஜங்ஷன் பாக்ஸைத் திறந்ததும் அவர் சிரித்துவிட்டார். ஐயா சொன்ன அதே முடிச்சு, மேலே ஒரு சுற்று கறுப்பு டேப். ஏசிக்குக் கீழ்ப் பெட்டியிலிருந்தே புது நியூட்ரலும் எர்த்தும் இழுத்தார். பழைய இ.எல்.சி.பி.யை எடுத்து இரண்டு வீட்டுக்கும் புதிதாக ஒன்று வீதம் மாட்டினார். பட்டனை அழுத்தினால் டப்பென்று விழுகிறது, இரண்டு மீட்டரிலும் எர்த் விளக்கு எரியவில்லை.

அப்பா சொன்னபடி கேட்காமல் 13, 14, 15 மூன்று இரவும் ஏசியைப் போட்டுவிட்டார் என்பது இன்றைக்குத்தான் தெரிந்தது. ஐயா மன்னிக்க வேண்டும்.

4,392-ஐக் கட்டிவிட்டேன். இதில் ஏதாவது திரும்பக் கிடைக்குமா?


பழைய ஃபோர்மேன் | ஜூன் 17, காலை 5:00

கேட்டுப் பார்ப்பதில் தப்பில்லை, ஆனால் நம்பிக்கை வைக்காதீர்கள். மீட்டரில் சந்தேகம் என்றால் கட்டணம் கட்டிச் சோதனைக்கு எழுதிக் கொடுக்கலாம், மீட்டர் தப்பு என்று வந்தால் பில்லைத் திருத்துவார்கள். உங்கள் மீட்டரைச் சோதித்தால் நல்ல மீட்டர் என்றுதான் வரும். மீட்டருக்கு இந்தப் பக்கம் வீட்டுக்குள் இருக்கிற வயர் நம் பொறுப்பு. கம்பத்தில் தீப்பொறி, வோல்டேஜ் ஏறி இறங்குவது, தெரு முழுக்க இருட்டு, இதற்கெல்லாம் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்று அடிக்கலாம். இதற்கு யாருக்கு அடிப்பது?

அப்பாவிடம் நான் கோபித்துக்கொண்டேன் என்று சொல்லுங்கள். அவர் வயதுதான் எனக்கும்.


நெல்லைச்சீமை | ஜூன் 17, காலை 10:40

மீட்டரைத் திட்டியதை வாபஸ் வாங்குகிறேன். நேற்று எங்கள் மீட்டரையும் பார்த்தேன், எர்த் விளக்கு இல்லை. கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.

ஆனால் ஒன்று. மாதாமாதம் ரீடிங் எடுத்திருந்தால் இவருக்கு பில் பாதியாகக் குறைந்திருக்கும். 2021 தேர்தலில் சொன்னார்கள், இன்னும் வரவில்லை. மாதக் கணக்கு வந்தால் 500-ஐ யாருமே தாண்ட மாட்டோம்.


கணக்குப்பிள்ளை | ஜூன் 17, மதியம் 1:15

இந்த நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. மாதக் கணக்கு வந்தாலும் 500 அப்படியே இருக்கும் என்று நினைக்கிறீர்கள். ஸ்லாபையும் பாதியாக்கினால்? இலவசம் 50, எல்லை 250 என்று ஆகும். அப்படி ஆக்கமாட்டார்கள் என்று யார் சொன்னது?

போட்டுப் பார்த்தேன். ஒரு மாதம் 150, மறு மாதம் 360 எரிக்கிற வீடு. இப்போது 510-க்கு 2,124 ரூபாய். பாதியாக்கிய ஸ்லாபில் முதல் மாதம் 352.50, இரண்டாவது மாதம் 2,007, ஆக 2,359.50. கூடுதலாக 235 ரூபாய் கட்ட வேண்டும்! அதே 510-ஐ 240, 270 என்று எரித்தால் 2,027.50 வரும், 96 ரூபாய் 50 காசு மிச்சம். இரண்டு மாதமும் 255 என்றால் பைசா வித்தியாசமில்லை. ஏப்ரலில் ஊருக்குப் போய்விட்டு மே முழுக்க ஏசி போடுகிறவர்களுக்கு இரண்டு மாதக் கணக்குதான் லாபம்.

மாதக் கணக்கு வேண்டும் என்று நானும் சொல்வேன், வேறு காரணத்துக்காக. மதுரை நண்பர் இந்த முடிச்சை மே மாதமே பிடித்திருப்பார்.


காந்திபுரம் செல்வி | ஜூன் 17, இரவு 7:50

அதற்கு எதற்கு வாரியம் வர வேண்டும்? ஒன்றாம் தேதி காலண்டரில் பால் கணக்கு எழுதுகிற இடத்தில் மீட்டர் எண்ணையும் எழுதினால் ஆச்சு. நான் ஆரம்பித்துவிட்டேன். எங்க பொது மீட்டரில் கலந்தது முதல் மாடி வீட்டின் கீசர் லைன். அந்த வீட்டுக்காரர் இப்போது படிக்கட்டில் என்னைப் பார்த்தால் வேகமாகப் போகிறார்.


பெங்களூர்த் தம்பி | ஜூலை 2, காலை 8:00

ஜூலை 1-லிருந்து அங்கே 3.16 சதவீதம் உயர்வு என்று செய்தி பார்த்தேன். வீட்டுக்கும் உண்டா?


கணக்குப்பிள்ளை | ஜூலை 2, காலை 8:40

வீடுகளுக்கு ஏறவில்லை, அந்தப் பங்கை அரசு மானியமாக ஏற்றுக்கொள்வதாக அறிவித்திருக்கிறது. நான் மேலே கொடுத்த விலைகள் அப்படியே. 2022-இல் போட்ட ஆணைப்படி ஒவ்வொரு ஜூலையிலும் விலைவாசி உயர்வு அல்லது 6 சதவீதம், இதில் எது குறைவோ அந்த அளவு ஏறும். 2023-இல் 2.18 ஏறியபோதும் வீடுகளுக்கு அரசே ஏற்றது. 2024-இல் 4.83, அதுதான் நம் கைக்கு வந்தது.


மாடிவீட்டுக்காரன் | ஆகஸ்ட் 8, மாலை 6:20

ரீடிங் எடுத்துவிட்டார்கள். கீழ் வீடு 395 யூனிட், 1,151 ரூபாய் 50 காசு. அப்பாவுக்குத் திருப்தி.

மாடி 504.


கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 8, மாலை 6:26

ஐயோ. 2,073 ரூபாய் 60 காசு. நான்கு யூனிட் குறைந்திருந்தால் 1,805.

ஜூன் 9-இல் ரீடிங். நீங்கள் கம்பியைப் பிரித்தது 16-ஆம் தேதி. நடுவில் அந்த மூன்று இரவு ஏசி, இரவுக்கு நாலரை யூனிட்.


மாடிவீட்டுக்காரன் | ஆகஸ்ட் 8, மாலை 6:31

அப்பாவிடம் சொல்லவா?


பழைய ஃபோர்மேன் | ஆகஸ்ட் 9, காலை 4:55

வேண்டாம் தம்பி.